சிவப்பைக் காணோம்!

சிவப்பைக் காணோம்.

மைரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பூங்காவின் குளம் இருந்தது. குளத்தின் மேல் பனிக்கட்டி இருந்தது. ஆனால் குளத்துக்கு அந்தப் பக்கம், நேற்று மாலை வரை சிவப்புக் குச்சிகளாகத் தீப்பிடித்தது போல நின்ற கரை, இன்று மொட்டைத் தலையாகக் கிடந்தது. தரையோடு தரையாக வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

“அப்பா! யாரோ வந்து டாக்வுட் செடி மொத்தத்தையும் வெட்டிட்டுப் போயிட்டாங்க!”

பின்னால் வந்த அப்பா பெருமையாகச் சிரித்தார்.

“யாரோ இல்ல, நான்தான். நேத்து நீ வீட்டுக்குப் போனப்புறம் வெட்டினேன். எப்படி, சுத்தமா இருக்கா?”

மைரி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏம்பா வெட்டினீங்க?”

“வருஷா வருஷம் அடியோட வெட்டணும்னு மிஸ் மக்ராய்தானே சொன்னாங்க. அப்பதான் புதுக் குச்சி நல்ல சிவப்பா வருமாம்.”

“அது சரிப்பா. எப்ப வெட்டணும்னு சொன்னாங்க?”

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அதை நான் கேக்கலையே.”

“மார்ச்சுல வெட்டணும்ப்பா! குளிர்காலம் முடியிறப்ப! குளிர்காலம் பூரா அந்தச் சிவப்பைப் பாக்கத்தானே அதை வளக்கறதே!”

அப்பா கரையைப் பார்த்தார். பிறகு வேலியில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்தார். ‘குளிர்காலத் தோட்டம்: இன்று முதன்முறையாகத் திறப்பு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. எழுத்துக்குக் கீழே ஒரே ஒரு படம். அது இந்தச் சிவப்புக் கரையின் படம்தான்.

அப்பா தொப்பென்று தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

மைரியின் அப்பா ஃபெர்கஸ் போன வருடம் வரை நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில் வேலை பார்த்தவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். மைரியின் பிறந்தநாளுக்குப் போனில்தான் பாடுவார், அதுவும் காற்று இரைச்சலில் பாதி கேட்காது. கோடையில் ஊர்ப் பூங்காவில் வேலை கிடைத்தபோது மைரியும் அம்மாவும் சமையலறையில் குதித்து ஆடினார்கள்.

ஆனால் குளிர்காலம் வந்தால் அந்தப் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பூங்காவுக்கு இரண்டாவது தோட்டக்காரர் எதற்கு? தலைமைத் தோட்டக்காரர் மிஸ் மக்ராய்தான் நகரமன்றத்தில் போய் மன்றாடினார். “ஒரே ஒரு சனிக்கிழமை திறந்து பாக்கலாம். சனங்களுக்குப் பிடிச்சா, இனிமே குளிர்காலம் முழுக்கத் திறக்கலாம்” என்றார்.

பூங்காக்களுக்குப் பொறுப்பான மிசஸ் டிரம்மண்ட் உதட்டைப் பிதுக்கினார். “ஜனவரில தோட்டத்துல என்ன இருக்கப்போகுது? வெறும் குச்சிதானே?” என்றார். ஆனாலும் நேரில் வந்து பார்க்க ஒத்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமைதான் இன்று. மிசஸ் டிரம்மண்டுக்குப் பிடிக்காவிட்டால் அப்பாவுக்கு மறுபடி இரும்பு மேடைதான்.

முதலில் மைரிக்கும் ‘குச்சிதானே’ என்றுதான் தோன்றியது. நவம்பரில் மிஸ் மக்ராய் அப்பாவை மற்ற ஊர்ப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைரி மூக்கால் அழுதுகொண்டே கூடப் போனாள்.

முதல் பூங்காவிலேயே எங்கிருந்தோ தேன் வாசனை வந்தது. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தேடிக்கொண்டே போனாள். கடைசியில் முழங்கால் உயரப் புதர் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். அதன் பூ அரிசி அளவுகூட இல்லை! இன்னோர் ஊரில், இலையே இல்லாத மரத்தில் எலுமிச்சைத் தோலைச் சீவி ஒட்டியது போல மஞ்சள் பூக்கள். குளிர் கூடினால் அவை சுருண்டுகொண்டன, வெயில் வந்ததும் விரிந்தன. வேறொரு தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்தது போன்ற முள்செடி மூடுபனியில் பேய் மாதிரி நின்றது. மைரி அலறியே விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவுக்கு முன்பே அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள். பார்த்த செடிகளில் சிலவற்றை மிஸ் மக்ராய் வாங்கி வந்து இந்தப் பூங்காவிலும் நட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்போது வீணாகப் போகப்போகின்றன.

“மிஸ் வரட்டும். நான்தான் வெட்டினேன்னு சொல்லிடறேன்” என்றார் அப்பா.

“அவங்க மிசஸ் டிரம்மண்டோட சேர்ந்துதானே வருவாங்க? பத்து மணிக்கு வாசல் திறந்ததும் ரெண்டு பேரும் நேரா இங்கதான் வருவாங்க.”

“வெட்டினதை ஒட்டவா முடியும், மைரி?”

மைரி கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதால் யோசிக்க முடியாது.

“வெட்டின குச்சியெல்லாம் எங்கப்பா?”

“கொட்டகைக்குப் பின்னால. திங்கக்கிழமை தூளாக்கலாம்னு வச்சிருக்கேன்.”

மைரி ஓடினாள். கொட்டகைக்குப் பின்னால் அவள் உயரத்துக்குக் குச்சிகள் குவிந்து கிடந்தன. ஒரு குச்சியை உருவிப் பார்த்தாள். பளிச்சென்று அதே சிவப்பு. உடம்பெல்லாம் குட்டி மொட்டுகள். வெட்டிப்போட்டது குச்சிக்கே தெரியாது போலிருக்கிறது!

அப்போதுதான் அவளுக்கு அந்த வேலி நினைவுக்கு வந்தது. டிசம்பரில் பார்த்த ஒரு பூங்காவில், வெட்டிய டாக்வுட் குச்சிகளை வரிசையாக ஊன்றிப் பூப்பாத்திக்கு வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலியில் புதுக்கிளைகள் முளைத்திருந்ததை மைரிதான் முதலில் பார்த்தாள். அங்கிருந்த தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பாத்திக்கு வேலி போட்டேன். வேலியே செடியாயிடுச்சு. இப்ப அந்த வேலிக்கு ஒரு வேலி போடணும்!” என்றார்.

“அப்பா! கடப்பாரை எடுங்க!”

“எதுக்கு?”

“குச்சிய நடப்போறோம். மறுபடியும் கரையிலயே!”

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணம் கொட்டகைக்குள் இருந்தார்.

மேல்மண் பனியில் இறுகிப் போயிருந்தது. அப்பா கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். ணங் என்று சத்தம் வந்ததே தவிர குழி விழவில்லை. மறுபடியும் குத்தினார். மூன்றாவது குத்தில் மேலோடு உடைந்து, அடியில் ஈரமான கறுப்பு மண் வந்தது.

“பழைய கட்டைமேல படாமக் குத்துங்கப்பா. அதுக்கு உயிர் இருக்கு!”

அப்பா குத்தக் குத்த, மைரி குச்சியைச் செருகி பூட்ஸ் காலால் மண்ணை மிதித்தாள். ஒரு வரிசை முடிவதற்குள் அவள் கையுறை நனைந்து விரல் மரத்துப்போனது. நிமிர்ந்து பார்த்தாள். கரை இன்னும் பாலைவனமாகத்தான் இருந்தது.

“முடியாது போலிருக்கே” என்றார் அப்பா மூச்சிரைக்க.

“முன்வரிசைல நெருக்கி நடுவோம். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா பின்னால இருக்கறது தெரியாது.”

தேநீர்க் கூடாரம் போட வந்த எயில்சா அத்தை, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அத்தை அடுத்த வீட்டுக்காரர். மொட்டைக் கரையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

“அட கடவுளே! முடி வெட்டச் சொன்னா தலையையே எடுத்துட்டியே, ஃபெர்கஸ்!”

“அத்தை, திட்டறத அப்புறம் திட்டுங்க. இப்ப இதைப் பிடிங்க!” என்று மைரி ஒரு கட்டுக் குச்சியை நீட்டினாள்.

எயில்சா அத்தை கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். வேலை வேகம் பிடித்தது. ஆனால் அத்தை நட்ட பத்துக் குச்சியும் தலைகீழாக இருந்தன.

“மொட்டு மேல பாத்து இருக்கணும், அத்தை!”

“எனக்கே இடுப்பு எது, கழுத்து எதுன்னு தெரியல. குச்சிக்குத் தலை எதுன்னு எப்படிடி தெரியும்?” என்று புலம்பிக்கொண்டே அத்தை பிடுங்கி நட்டார்.

கடைசிக் குச்சியை மைரி மிதித்து முடிப்பதற்கும் வாசல் கதவு கிரீச்சிடுவதற்கும் சரியாக இருந்தது. மூன்று பேரும் குளத்தைச் சுற்றி வாசலுக்கு ஓடினார்கள்.

நினைத்ததைவிட அதிகமான ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மிஸ் மக்ராய் நெடுநெடுவென்று நடந்தார். பக்கத்தில், கழுத்துவரை கம்பளித் துண்டு சுற்றிய மிசஸ் டிரம்மண்ட். அவர் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

ஆனால் தேன் வாசனைப் புதரின் பக்கத்தில் வந்ததும் அவர் நின்றார். இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார்.

“யாரோ ரொட்டியில தேன் தடவறாங்களா?”

“கீழ குனிஞ்சு பாருங்க!” என்றாள் மைரி.

மிசஸ் டிரம்மண்ட் குனிந்து புதருக்குள் மூக்கை நுழைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

மஞ்சள் பூ மரத்தடியில் அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் குளத்துக்கு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வெயிலும் வந்தது. கரை முழுவதும் சிவப்பாகப் பற்றிக்கொண்டது. கூட்டத்தில் ‘ஆஹா’ என்று ஒரு குரல் எழுந்தது.

மிஸ் மக்ராய் மட்டும் ‘ஆஹா’ சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் சேறு படிந்த முழங்காலைப் பார்த்தார். மைரி நகர்ந்து அந்த முழங்காலை மறைத்து நின்றாள்.

அதற்குள், நீலத் தொப்பி போட்ட சின்னப் பையன் ஒருவன் அம்மாவின் கையை உதறிவிட்டுக் கரைக்கு ஓடினான். ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தான். அது சுலபமாக வந்துவிட்டது.

“அம்மா! இந்தச் செடிக்கு வேரே இல்ல!”

அவன் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பி ஓடி வந்தான். மிசஸ் டிரம்மண்ட் குச்சியின் அடியைப் பார்த்தார். கத்தரித்த வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

‘அது ஒண்ணு மட்டும் உடைஞ்சு போச்சு’ என்று சொல்லிவிடலாமா? அந்தப் பொய் மைரியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அப்பாவும் நாளெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது.

“வேர் இன்னும் வரல” என்றாள் மைரி. “இனிமேதான் வரும். இது எல்லாமே வெட்டின குச்சி. நாங்கதான் காலையில நட்டோம்.”

“வெட்டினது நான்” என்று அப்பா முன்னால் வந்தார். “மார்ச்சுல வெட்ட வேண்டியதை ஜனவரிலயே வெட்டிட்டேன். தப்பு என்னோடது. குழந்தையை ஒண்ணும் சொல்லாதீங்க.”

மிசஸ் டிரம்மண்டின் புருவம் மேலே போனது. “அப்ப, இங்க இருக்கறது வெறும் குச்சிதான்?”

“ஆமா. ஆனா உயிருள்ள குச்சி!” என்றாள் மைரி. “கீழ இருக்கற கட்டையும் சாகல. அடுத்த குளிர்காலம் இன்னும் சிவப்பா வளந்து நிக்கும். இந்தக் குச்சியையும் ஈர மண்ணுல நட்டா வேர் விடும். எல்லாம் முளைக்காது, ஆனா நிறைய முளைக்கும். வேற ஊர்ல நானே பாத்தேன்.”

நீலத் தொப்பிப் பையன் குச்சியைப் பிடித்தபடி அழத் தயாராக நின்றான். மைரி அவன் முன்னால் மண்டியிட்டாள்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணல. இது உனக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் நடு. மொட்டு மேல பாத்து இருக்கட்டும். மார்ச்சுக்கு முன்னாடி மட்டும் வெட்டிடாத, என்ன?”

பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான்.

“எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “எங்க வீட்டு வாசல்ல வைக்க எனக்கு ரெண்டு வேணும்” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் மிஸ் மக்ராயைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“பூங்காவுல யாரும் செடிய பிடுங்கக் கூடாதுங்கறது நான் போட்ட விதி” என்றார். பிறகு நேராகக் கரைக்குப் போனார். ஒரு குச்சியைப் பிடுங்கினார். திரும்பி வந்து அதை மிசஸ் டிரம்மண்டிடம் நீட்டினார்.

மிசஸ் டிரம்மண்ட் குச்சியை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, அடுத்த குளிர்காலம் இந்தக் கரை இன்னும் சிவப்பா இருக்கும்னு சொன்னியே, நிஜமா?”

“நிஜமா!”

“அதைப் பாக்கணும்னா பூங்கா திறந்திருக்கணுமே.” அவர் மிஸ் மக்ராய் பக்கம் திரும்பினார். “குளிர்காலம் முழுக்கத் திறங்க. இவரையும் வேலையில வச்சுக்குங்க. கத்தரிய மட்டும் எங்கயாவது ஒளிச்சு வைங்க.”

மைரி ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்பா சேற்றுக் கையாலேயே அவள் தலையைத் தடவினார்.

மாலையில் கரை மறுபடி மொட்டையாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறினால், பைகளிலிருந்தும் மடியிலிருந்தும் சிவப்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. உட்கார இடம் தேடிய எயில்சா அத்தையை இரண்டு குச்சிகள் குத்தின.

பின்சீட்டிலிருந்து நீலத் தொப்பி எட்டிப் பார்த்தது.

“அங்கிள், இதை எப்ப வெட்டணும்?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் பேருந்தே சேர்ந்து கத்தியது: “மார்ச்சுல!”

அப்பா காது வரை சிவந்து போனார். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“சரி சரி! அடுத்த வருஷமும் நான் இங்கதான் இருப்பேன். அப்பவும் ஞாபகப்படுத்துங்க!”