மைனாக்கள் அடையும் நேரம்

பெட்டி கத்தியது, ஒரு மைனாவும் பறக்கவில்லை.

வலைக்காரர் திராட்சைப் பந்தலின் வாசலில் நின்றிருந்தார். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து, பிடிபட்ட மைனாவின் அலறல் கிளம்பி, வெடித்த பழங்களின் புளித்த வாடைக்குள் நுழைந்து, கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது. போன பருவத்தில் இந்தச் சத்தம் ஒருமுறை கேட்டால் போதும், கூட்டம் மொத்தமும் கரும்புகையாக எழுந்து ஆற்றின் அக்கரைக்குப் போய்விடும். இன்று மைனாக்கள் பந்தல் கம்பிகளின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாம் தலையை ஒரே பக்கம் சாய்த்து, அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பவர்களைப் போலப் பெட்டியையே பார்த்தன.

"என்னய்யா, உன் பொட்டி தொண்டை கிழியக் கத்துது, இதுங்க கச்சேரிக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கு. அடுத்து கை தட்டும் போல," என்றார் தோட்டத்து முதலாளி.

"சத்தம் பழகிப்போச்சு முதலாளி."

"பழகட்டும். பொழுது சாய எல்லாம் உள்ள வந்து அடையும்ல? கயிறை இழுத்துப் பந்தலைச் சுத்தின வலையை மூடிடு. மிச்சத்தைக் காலைல ஆளுங்க வந்து பாத்துக்குவாங்க. இந்த அறுவடையும் போச்சுன்னா, நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

மிச்சம் என்னவென்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கடையில் வாங்கும் அலறல் பதிவுக்கு எந்தப் பறவையும் நெடுநாள் பயப்படாது. அந்தத் தோட்டத்து மைனா ஒன்றையே பிடித்து, அதன் குரலையே பதிவுசெய்து போட்டால்தான் கூட்டம் நடுங்கும். வலைக்காரர் அதில் கைதேர்ந்தவர். துடிக்கும் பறவையைத் துண்டில் இறுகச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். இறுக்கம் கூடக் கூட அது அடங்கிவிடும். பிறகு ஒரு சிறகை மட்டும் வெளியே எடுத்து, லேசாக முறுக்குவார். அலறும்.

இந்த அலறலைப் பதிவுசெய்த அன்று மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். முன்பல் விழுந்த வாயோடு, "அப்பா, விடுப்பா. அதுக்கு வலிக்குது," என்றாள். அதுவும் பதிவில் ஏறிவிட்டது. மனிதக் குரல் இருந்தால் பறவை ஏமாறாது என்று, வீட்டுக்கு வந்ததும் பதிவின் அந்த வாலை வெட்டி எறிந்துவிட்டார்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போனவள் போனவள்தான். படமும் பாட்டும் வைத்திருந்த போனும் அதே மழையில் நனைந்து உயிரை விட்டது. "அவ குரல் வேற எங்கயாவது இருக்குதாங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். இல்லை என்றார். அன்றிலிருந்து அவள் வானொலியைக்கூடப் போடுவதில்லை. காதை எதற்கோ காலியாக வைத்திருப்பதுபோல் வீட்டுக்குள் நடமாடுவாள்.

பெட்டி மறுபடி கத்தி ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில், பழைய வெட்டு விழுந்த அதே இடத்தில், ஒரு குரல்.

"அப்பா, விடுப்பா."

அவர் ஓடிப்போய் பாட்டரி ஒயரைப் பிடுங்கினார். பெட்டியின் சிறு பச்சை விளக்கு அணைந்தது. காற்றில் வலை உரசும் சத்தம். எங்கோ ஒரு பழம் பொத்தென்று விழுந்தது. பிறகு மேல் கம்பியிலிருந்து, தெளிவாக, அந்தப் பல்லில்லாத காற்றோடு:

"அதுக்கு வலிக்குது."

மைனா. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கழுத்தை உப்பி, அந்த மைனாதான் சொன்னது. இடுக்கிப் பிடியில் கால் பிசகி, அவர் கையிலிருந்து நொண்டிக்கொண்டே போன அதே மைனா. பக்கத்திலிருந்தது அதைத் திருப்பிச் சொன்னது. அதற்குப் பக்கத்திலிருந்ததும்.

மைனா பேசும், உலகம் அறிந்ததுதானே? அன்று கேட்டதை இன்று சொல்கிறது, அவ்வளவுதான். வலைக்காரர் அழுதார், சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தோட்டத்து ஓரத்தில் இருந்த தம் வீட்டுக்கு ஓடினார்.

"இந்தா, எங்கூட வாயேன்!"

"அடுப்புல உலை கொதிக்குது."

"கொதிக்கட்டும். நம்ம பாப்பா பேசுறா."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "விளையாடாதீங்க. மனசு தாங்காது," என்றாள். ஆனாலும் கரண்டியை வைக்காமலே பின்னால் வந்தாள்.

பொழுது செம்மண் நிறத்தில் கலங்கி இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் வலைக்குள் வந்து அடைந்துவிட்டது. வரிசை வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி, ஒரு இறகும் அசையாமல். வலைக்காரர் பழக்க தோஷத்தில் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"அப்பா, விடுப்பா."

கரண்டி மண்ணில் விழுந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க. அவதாங்க. அவளேதாங்க."

"சொன்னேன்ல?"

"மூடாதீங்க. முதலாளி கெடக்கட்டும். வேற ஊருக்குப் போயி மண்ணு சொமக்கலாம். இதை மட்டும் மூடாதீங்க."

மூடமாட்டேன் என்றுதான் அவரும் சொல்ல நினைத்தார். அதற்குள் நொண்டி மைனா மறுபடி வாயைத் திறந்தது.

"அப்பா, ஜன்னலைத் தொற."

அவர் கை கயிற்றை இறுகப் பற்றியது.

அது அவள் தோட்டத்தில் சொன்னதில்லை. எந்தப் பறவையும் கேட்டதில்லை. அவள் போன அன்று, மனைவி வண்டி தேடி மழையில் ஓடியிருந்த நேரம். அறையில் அவரும் குழந்தையும் மட்டும். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஜன்னலை அடைத்தார். கம்பளியில் சுற்றினார். நெஞ்சோடு அணைத்தார். துடித்தாள். இன்னும் இறுக்கினார்.

அடங்கினாள்.

"மூச்சு முட்டுதுப்பா," என்றது ஒரு மைனா.

"அப்பா, விடுப்பா," என்றது இன்னொன்று.

"மூச்சு முட்டுது." "ஜன்னலைத் தொற." "விடுப்பா." பந்தல் முழுக்க. ஒரே குரல். ஓராயிரம் வாயில்.

மனைவி மெல்லத் திரும்பினாள்.

"தூங்கிட்டே போயிட்டாள்னு சொன்னீங்களே?"

காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று என்று டாக்டர்கூடச் சொன்னாரே. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவருக்கே தெரியாது. அதுதான் அவரைத் தின்றது.

அவள் அழவில்லை. திட்டவில்லை. பசித்த பிள்ளையிடம் போகிறவளைப் போல, குனிந்து வலைக்குள் நுழைந்தாள்.

"வெளிய வா," என்று கூப்பிட்டார் அவர்.

கைகளை விரித்தாள். முதல் மைனா வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. நொண்டிக் கால். அப்புறம் தோளில். தலையில். கழுத்தில். சேலை மறைந்தது. கைகள் மறைந்தன. கடைசியாக முகம்.

"ஏம்மா!" என்று மனைவியைக் கூவினார்.

இருட்டுக்குள் இறகுகளால் ஆன ஒரு உருவம் நின்றது. மைனாக்கள் உட்கார உட்கார அது குறுகியது. குறுகி, குறுகி, அவர் இடுப்பு உயரத்துக்கு, மகளின் உயரத்துக்கு, வந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்த்தது.

அவர் கயிற்றை விடப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை. அடங்கட்டும், அடங்கட்டும் என்று கை தானாக இழுத்தது. இறுகியது. வலையின் வாய் மூடிக்கொண்டே வந்தது.

உள்ளேயிருந்து, பல்லில்லாத வாயின் காற்றோடு, பொறுமையாக:

"அப்பா, விடுப்பா."