வாசல் சுற்று

செந்நாள் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். அதனால் விடிந்தும் விடியாததுமாக உப்பளக் குடியிருப்பு நற்பணி மன்றத்தில் மோர் கலக்கும் வேலை தொடங்கிவிட்டது. கோமதிநாயகம் இஞ்சியைத் தட்டிப் போட்டார். அமலோற்பவம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டாள். இருவர் தலையிலும் நீலத் தொப்பி. அதில் எழுதியிருந்த மன்றத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது.

காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணி வரை தூத்துக்குடியில் யாரும் வெளியே நடமாடக் கூடாது. காற்றில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து, எவ்வளவு வியர்த்தாலும் உடம்பு ஆறாத நிலை வந்துவிட்டால் அந்த நாள் செந்நாள். ஆண்டுக்கு அறுபது எழுபது செந்நாட்கள் வந்தன. அன்றைக்கெல்லாம் சங்குக்கு முன்னால் மன்றத்தார் வீடு வீடாகப் போவார்கள். கதவைத் தட்டி, "நல்லாருக்கீயளா?" என்று கேட்டு, ஒரு குவளை மோரை வாசல் மாடத்தில் வைத்துவிட்டு நகர்வார்கள். அதற்கு வாசல் சுற்று என்று பெயர்.

முன்பு நாற்பது பேர் சுற்றினார்கள். இப்போது நான்கு பேர். மற்றவர்கள் மன்றத்தை விட்டு விலகிவிடவில்லை. தங்களுக்குப் பதிலாகப் பதிலிகளை அனுப்பினார்கள்.

பதிலி எல்லோரிடமும் இருந்தது. ஓர் ஆளின் குரலையும் நினைவுகளையும் பேச்சு வழக்கையும் கற்றுக்கொண்டு, போனிலும் அலுவலகத்திலும் வீட்டு வாசல்திரையிலும் அவருக்காகப் பேசுகிற மென்பொருள். பதிலி சொன்னால் ஆள் சொன்ன மாதிரி என்பது சட்டம். அது வந்தபின் யாரும் எந்த வரிசையிலும் கால்கடுக்க நிற்கவில்லை. பிடிக்காத உறவினருக்கு முகம் கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. செந்நாள் விசாரிப்பும் அப்படித்தான் ஆனது. வெப்பக் காப்பு மையத்தின் பதிலி எல்லா வீட்டுப் பதிலிகளையும் கேட்கும், அவை நலம் என்று சொல்லும். நான்கு லட்சம் வீடுகளை விசாரிக்க ஆறு வினாடி ஆகும்.

"ஆறு செகண்டுல முடியுத வேலைக்கு நாம மூணு மணி நேரம் நடக்கோம்," என்று கோமதிநாயகம் ஒவ்வொரு செந்நாளும் சொல்வார். எழுபது வயதுக்காரர். மன்றத்தின் தலைவர். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கேனைத் தூக்குவதும் அவர்தான்.

"எனக்கு நடந்தாப் போதும் அண்ணாச்சி," என்பாள் அமலோற்பவம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை அவளுக்கு. ஆனால் அதை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் ஓட்டினாள். வாசல் சுற்று இல்லையென்றால் வாரக்கணக்கில் செருப்பே தேவைப்படாது.

அன்று தொடர்ந்து நான்காவது செந்நாள். எட்டரை மணிக்கு இருவரும் கடைசித் தெருவுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின வீடு தங்கக்கனியுடையது. படகு எஞ்சின் மெக்கானிக். மனைவி பூமயில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் சண்டைக்காரர். மன்றத்து மோரைப் பற்றி அவர் ஒரு நாளும் நல்லதாகச் சொன்னதில்லை.

வாசல்திரையில் அவர் முகம் தெளிவாக வந்தது.

"நல்லாருக்கேன் தாயி. வெயில்ல எனக்காக இவ்வளவு தூரம் வந்தீயளே, ரொம்ப சந்தோசம். மோர வச்சுட்டுப் போங்க."

அமலோற்பவம் குவளையை மாடத்தில் வைக்கப் போனாள். நேற்றைய குவளை அப்படியே இருந்தது. முந்தாநாள் வைத்ததும் இருந்தது. அந்த இரண்டு நாளும் இந்தத் தெருவுக்கு மற்ற இருவர் வந்திருந்தார்கள். ட்ரோன்கள் சாப்பாடு போடுகிற சுவர்ப்பெட்டியின் விளிம்பில் சிற்றெறும்புகள் சாரை சாரையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. குனிந்தால் புளித்த வாடை அடித்தது.

"அண்ணாச்சி, இதப் பாருங்க."

கோமதிநாயகம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, "தங்கக்கனி, சாப்பிட்டியாப்பா?" என்றார்.

"பசியில்ல அண்ணாச்சி. அப்புறமா சாப்பிடுவேன்."

"கொஞ்சம் வெளிய வாரியா?"

"இப்ப முடியாது. மன்னிச்சுக்கோங்க."

தங்கக்கனி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அமலோற்பவம் கேட்டதில்லை. "நீங்க பேசுதீயளா, பதிலி பேசுதா?" என்றாள்.

"நான் சொல்வது அவர் சொன்னதே," என்றது குரல். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஊர்ப்பேச்சு விலகி, சட்டப் புத்தகத்தின் வாடை வந்தது.

கோமதிநாயகம் போனில் மையத்துக்குத் தகவல் அனுப்பினார். கையை இறக்குவதற்குள் பதில் வந்துவிட்டது. விசாரித்தோம், நலமாக இருப்பதாக அவரே சொல்கிறார்.

"கதவ உடச்சிருவோமா?" என்றாள்.

"அவர் வேண்டாம்னு சொல்லும்போது உடச்சா அத்துமீறல். அப்புறம் மையத்துக்காரன் செந்நாள்ல நம்மள நடக்கவே விடமாட்டான். இருக்கது நாலு பேர், அதுவும் போயிரும்." அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "ஆனா ஏதோ சரியில்ல அமலா. அது மட்டும் தெரியுது."

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தெருவில் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அமலோற்பவத்துக்கு நிழல் சட்டம் நினைவுக்கு வந்தது. பதிலிகளெல்லாம் வருவதற்கு முன்பு, முதல் பெருவெப்பத்தில் தெருவிலேயே ஆட்கள் செத்து விழுந்தபோது கொண்டுவந்தது. சங்கு ஊதிக் கால் மணி நேரம் கழிந்தபின் வெளியே மாட்டிக்கொண்டவர் எந்த வீட்டில் நிழல் கேட்டாலும் அந்தக் கதவு திறந்தே ஆக வேண்டும். யார் மறுத்தாலும் செல்லாது.

அவள் அதைச் சொன்னதும் கோமதிநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கால் மணி நேரம் இங்க நிக்கப் போறியா? ஆள் தாங்குத வெயிலா இது?"

"நீங்க எதுத்த வீட்டுக்குப் போயிருங்க. உங்க நெஞ்சுக்கு இது ஆகாது."

"நான் போகல. ரெண்டு பேராக் கேட்டா ரெண்டு பேருக்கும் தெறக்கணும்லா," என்று சொல்லிவிட்டு அவர் கதவோரம் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

சங்கு ஊதியது. தெரு முழுக்கக் கதவுகள் தாமாகத் தாழிட்டுக்கொள்கிற ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. முதல் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பேச்சு நின்றது. காற்று இல்லை. மூச்சை இழுத்தால் வெந்நீர் ஆவியை இழுப்பதுபோல் இருந்தது. அமலோற்பவம் கேனில் மிச்சமிருந்த மோரைத் துண்டில் ஊற்றிக் கோமதிநாயகத்தின் தலையில் போட்டாள். அவர் உதடு வெளுத்திருந்தது. தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. இவருக்கு ஏதாவது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

"தாயி, வீட்டுக்குப் போங்க. உங்களுக்கு ஆபத்து," என்றது வாசல்திரை. அந்தக் கனிவு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்பதே கால் ஆனதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "நிழல் வேணும்," என்றாள். "ரெண்டு பேருக்கு."

திரையில் தங்கக்கனியின் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தாழ் விலகியது.

உள்ளேயிருந்து இருட்டும் குளிரும் சீழ்நாற்றமும் சேர்ந்து வந்தன. தங்கக்கனி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். இடது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது. உள்ளங்காலில் ஏதோ குத்திய காயம். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. கண் திறந்திருந்தது.

அமலோற்பவம் அவர் தலையைத் தூக்கித் தண்ணீர் புகட்டினாள். பாதி வழிந்தது. "அண்ணே, மருத்துவ வண்டியக் கூப்பிடணும்."

"அவர் சம்மதம் தேவை," என்றது கூரையிலிருந்து அவருடைய குரலே. "இதுவரை அவர் கேட்கவில்லை."

"எத்தன நாளா இப்படிக் கெடக்கீய? ஒரு வார்த்த சொன்னா அது கூப்பிட்டிருக்கும்லா? ஏன் சொல்லல?"

தங்கக்கனி நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். பேசியபோது குரல் கரகரத்து, கூரையிலிருந்து வந்த குரலுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது.

"பூமயிலு போனன்னைக்கு, எவன் வந்தாலும் நல்லாருக்கேன்னு சொல்லி அனுப்பிருன்னு சொன்னேன். அதுவும் சொல்லிச்சு. கால்ல கம்பி ஏறிச்சு. வலிக்குன்னேன். 'சரி, டாக்டரக் கூப்பிடட்டுமா'ன்னு கேட்டுச்சு. என் குரல்லயே கேக்கு தாயி. என்ட்ட நானே கேட்டு, நானே வேண்டாம்னு சொல்லிட்டுக் கெடந்தேன். என் குரல்ட்ட நான் போய் என்னத்த அழ?"

கோமதிநாயகம் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப நான் கேக்கேன்ப்பா. கூப்பிடட்டுமா?"

தங்கக்கனி அவரைப் பார்த்தார். தலையில் கிடந்த மோர்த் துண்டையும் அதிலிருந்து புருவத்தில் வழிந்த வெள்ளைத் தாரையையும் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி கோலம்," என்றார். பிறகு, "கூப்பிடுங்க," என்றார்.

பத்து நிமிடத்தில் மருத்துவ வண்டி வந்து வாசலோடு ஒட்டி நின்றது. இயந்திரக் கைகள் காயத்தைத் திறந்து கழுவி மருந்தேற்றின. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று வண்டியின் திரையில் எழுத்து வந்தது. மாலை ஐந்து மணி வரை மூவரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். அமலோற்பவம் சுவர்ப்பெட்டியைக் கழுவிக் கஞ்சி வைத்தாள். கோமதிநாயகம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"உங்க மன்றத்துக்குக் கேக்கத் தெரியல," என்றார் தங்கக்கனி, கஞ்சி இறங்கிக் கொஞ்சம் தெம்பு வந்ததும். "நல்லாருக்கீயளான்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் வரும். அதச் சொல்ல ஆள் எதுக்கு? பதிலி போதும்."

"வேற எப்படிக் கேக்க?"

"இன்னைக்கு எப்படிக் கேட்ட?"

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அவள் அதையே யோசித்தாள்.

அடுத்த வாரம் மையத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. நிழல் சட்டத்தை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தியதாகப் புகார். புகார் கொடுத்தது தங்கக்கனியின் பதிலி, அவரைக் கேட்காமலேயே. விசாரணைக்கு அமலோற்பவம் நேரில் போனாள். அங்கே சக்கர நாற்காலியில், காலில் கட்டுடன், தங்கக்கனி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வருடக்கணக்கில் அந்த அறைக்கு ஆட்கள் வந்ததில்லை போலும். மேசையில் தூசி படிந்திருந்தது. பதிலியை அனுப்பாமல் தானே எட்டிப்பார்க்க வந்த அதிகாரி, பாதி திறந்த கதவில் தயங்கி நின்றார்.

"நான் குடுத்த புகார நானே வாபஸ் வாங்குதேன்," என்றார் தங்கக்கனி. "நானும் என் பதிலியும் ஒருத்தர்தான்னு நீங்கதான் சொல்லுதீய."

அதிகாரி எதையோ புரட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

புரட்டாசியில் மறுபடி செந்நாட்கள் வந்தன. மன்றத்தில் இப்போது ஒன்பது பேர் சுற்றினார்கள். தங்கக்கனி நாற்காலியில் உருண்டுவந்து தன் தெருவைப் பார்த்துக்கொண்டார். யாரும் மோர் கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போய், "வெயிலா இருக்கு, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க," என்று கேட்டார்கள். பதிலியால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் கொடுக்க அதற்குக் கை இல்லை. உள்ளே இருக்கிற ஆளை அது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. திறக்காத வீடுகளைக் குறித்துக்கொண்டு மறுநாளும் போய்க் கேட்டார்கள்.

அன்று பதினாறாவது வீட்டு வாசலில் அமலோற்பவம் நின்றிருந்தாள். அதற்குள் பதினொரு வீட்டுத் தண்ணீர் குடித்து வயிறு பானையாக இருந்தது. அது ராஜபுஷ்பம் என்ற பெண்ணின் வீடு. நான்கு மாதமாக அவளை யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டதும் வாசல்திரை, "கொஞ்சம் பொறுங்க," என்றது.

நெடுநேரம் ஆனது. பிறகு உள்ளே எதுவோ நகர்கிற ஓசை. கதவு ஒரு சாண் திறந்தது. கலைந்த தலையும் கசங்கிய நைட்டியுமாக ஒருத்தி செம்பை நீட்டினாள். செம்பு தளும்பித் தண்ணீர் நிலைப்படியில் சிந்தியது. வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆனால் கதவைச் சாத்தாமல், அமலோற்பவம் குடித்து முடிக்கும்வரை பார்த்தபடியே நின்றாள்.

"இன்னும் வேணுமா?" என்றாள். பேசிப் பழக்கமில்லாத குரல்.

அமலோற்பவத்துக்கு ஒரு சொட்டுகூட இறங்காது போலிருந்தது.

"ஆமா," என்று செம்பை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் வேணும்."