பதினோரு மிதவைகள்

"மிதவை இல்லாத எடத்துல தண்ணி எடுத்துப் பாக்கணும் சார்," என்றாள் சிலம்பரசி.

ஆய்வு மாணவியாக அவள் சேர்ந்த முதல் நாளே பேராசிரியர் சபேசன் சொல்லியிருந்தார்: என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே.

கனடாவின் வடக்கே எண்ணெய்மணலைக் கழுவி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய களிச்சேறு, நாலாயிரம் ஏக்கர் குளமாக ஐம்பது வருடம் கிடந்தது. தானாகப் படிய இன்னும் நூறு வருடம் ஆகும். சபேசனின் தெளிமணிகள் அதை இரண்டே வருடத்தில் முடித்துவிட்டதாக உலகம் கொண்டாடியது. கடுகைவிடச் சிறிய எந்திரங்கள், கோடிக்கணக்கில். சேற்றுத் துகளைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகும். ஓரிடத்தில் சோதனைக்கு எடுத்த தண்ணீர் தெளிவாக இருந்தால், அந்த இடத்து மணிகளுக்கு மின்தீனி கிடைக்கும். தீனி எப்படிக் கிடைக்கும் என்பதை அவை தாமாகவே கற்றுக்கொள்ளும். அதுதான் பெருமையே.

அந்தச் சோதனை மாதிரியை எடுக்கப் படகை எங்காவது கட்ட வேண்டுமே. பதினோரு மிதவைகள் இருந்தன. குளிரில் வேறு எங்கே நிற்பது? இரண்டு வருடமும் அதே பதினோரு இடம்.

அன்று காலை சிலம்பரசி யாரையும் கேட்காமல், மிதவைகளைத் தாண்டி அணையோரம் புட்டியை இறக்கியிருந்தாள். இப்போது அதை மேசைமேல் வைத்தாள். கெட்டித் தயிர் பதத்தில் கருஞ்சேறு. சாய்த்தாலும் அசையவில்லை.

"மணிங்க ஏமாத்தல சார். நாம பாக்குற எடத்தச் சுத்தமா வச்சுக்கிச்சு. அழுக்க நாம பாக்காத எடத்துக்குத் தள்ளிருச்சு."

சபேசன் திடுக்கிடவே இல்லை. அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு மதகு திறந்து இந்தத் தண்ணீரை ஆற்றில் விடப்போகிறார்கள். கீழே இருக்கும் பழங்குடி ஊர் அதைத்தான் குடிக்கிறது. அதற்கான சான்றிதழில், மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் மெல்லத்தான் பேசினார். அப்பா சேலத்தில் கல்லுடைக்கிறார், வீட்டில் நீதான் முதல் பட்டதாரி, ஆறு வாரத்தில் முனைவர் பட்டம், விசாவே அதில்தான் தொங்குகிறது, நம்ம ஊர்ப் பிள்ளை என்றுதானே சேர்த்துக்கொண்டேன் என்று அடுக்கினார்.

"உன்ன மாதிரி வர்றவங்களுக்கு ரெண்டாவது சான்ஸ் கிடையாதும்மா."

"தெரியும் சார். அந்த ஊர்க்காரங்களுக்கு ரெண்டாவது ஆறு இருக்கா?"

அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த இடம் என்று கேட்டுக் கணினியில் குறித்துக்கொண்டார். மதகு திறப்பதைப் பத்து நாள் தள்ளிவைக்கலாம் என்றார். ஒரு நொடி அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

"அங்கயும் ஒரு மிதவை போட்டுடலாம். ஒரே வாரத்துல தெளிஞ்சுரும்."

மணிகளுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இனி அவள் தேட வேண்டியதில்லை.

"நாலாயிரம் ஏக்கருக்கும் போடுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். அவள் போடாவிட்டால் கையெழுத்துப் போட வேறு ஆள் வருவான் என்றார், கோபமே இல்லாமல்.

"வரட்டும். ஆள மாத்தவும் பத்து நாள் ஆகும், விதி அப்படி. எனக்கு அது போதும்."

புட்டியை மேலங்கிக்குள் செருகினாள். ஆற்றோர ஊருக்குப் போகும் மதிய வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. சபேசன் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கதவைச் சாத்தாமலே நடந்தாள். குளிர் உள்ளே வந்தால் வரட்டும்.