ஐந்தரை அடி உயிர்வேலி

பின்வீட்டுக் குழந்தையை யாரும் சாப்பிடக் கூப்பிடுவதே இல்லை.

இது அவளுக்கு உறைக்கவே நாலைந்து மாதம் ஆகியிருந்தது. மாலை ஐந்தரை மணிக்கு மருந்துக்கடையிலிருந்து வந்து, கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, வீட்டின் பின்பக்கத் தளத்தில் நின்று வேலிச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். செடிகளுக்கு அந்தப் பக்கம் சின்னப் பாதங்கள் சிமெண்டில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வெயில் சூடு இறங்காத தளத்தில் தண்ணீர் பட்டு எழும் வாசனையோடு அந்தச் சத்தமும் சேர்ந்தே அவளுக்குப் பழகிப்போயிருந்தது. தெரு விளக்குகள் எரியத் தொடங்கும்வரை கேட்கும். ஒரு நாள்கூட "உள்ள வாடி" என்று ஒரு குரல் வந்ததில்லை. பிள்ளையைப் பெற்றுவிட்டு இப்படியா தண்ணீர் தெளித்து விடுவார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்கிற நினைப்பும் அதன் பின்னாலேயே வந்தது.

அந்தக் குழந்தையைப் பார்க்காமல் இருக்கத்தான் வேலியே வைத்தாள். மற்றவர்கள் தங்களை யாரும் பார்க்கக் கூடாதென்று மறைப்பு வைப்பார்கள். இவள் தன் கண்ணுக்கு வைத்தாள்.

அவளுடைய மகளுக்கு நாலு வயது. வீட்டில் கூப்பிட்டது சிட்டு என்று. கடைக் கவுன்டரில் நின்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது, "மூணு நாளைக்கு மேல காய்ச்சல் விடலைன்னா சிரப்பை நம்பி உட்காராதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்கிறவள் அவள். சொந்தப் பிள்ளைக்கு வந்தபோது ஆரஞ்சு வாசனை அடிக்கும் அதே சிரப்பை மூடியில் அளந்து ஊற்றிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு நாளைத் தள்ளினாள். ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பிள்ளையின் உடம்பு அவள் தோளைச் சுட்டது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. பின்வீட்டுக்காரர்களுக்கு வாசல் வேறு தெருவில். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கம்பிவலை, அவ்வளவுதான். பின்வீட்டுப் பெண்ணுக்கும் சிட்டு வயதுதான். இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பகல் முழுக்கக் கதை பேசும். சிட்டு போன பதினைந்தாம் நாள் அந்தப் பெண் அதே இடத்தில் வந்து நின்று, "ஆன்ட்டி, சிட்டு எப்ப வெளிய வருவா?" என்று கேட்டாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்படி ஜன்னலுக்குத் திரை போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலையைத் தூக்கியதே இல்லை.

தடுப்பு வைக்க வேண்டுமென்றால் குடியிருப்புச் சங்கத்தைக் கேட்க வேண்டும். சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற சர்வேயர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டேப் மாமா. கம்பிவலையை உயர்த்தக் கூடாது, தகரம் அடிக்கக் கூடாது, பச்சை வலை கட்டக் கூடாது, மூங்கில் தட்டி கூடாது என்று அவர் விரல் விட்டு அடுக்கினார். விட்டால் மூச்சு விடுவதற்கும் ஒரு அளவு சொல்லியிருப்பார்.

"அப்ப நான் என்னதான் மாமா வைக்கிறது?"

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவர் டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உயிர்வேலி வெச்சுக்கோங்கம்மா. செடி வளர்க்குறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அஞ்சரை அடி வரைக்கும் விடலாம். உங்க மண்ணுல நடணும், முள் இருக்கக் கூடாது. பின்வீட்டுக்கு மட்டும் ஒரு லெட்டர் போட்டுடுங்க. பதினஞ்சு நாளுக்குள்ள அவங்க வேண்டாம்னு சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்கலாம்."

கடிதம் எழுதினாள். தெருவைச் சுற்றிப் போய், குனிந்த தலை நிமிராமல் அவர்கள் கேட்டில் தொங்கிய பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பதினைந்து நாளும் பதில் வரவில்லை. பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் கணவன் இருபத்திரண்டு குழி தோண்டினான். ஆலையில் மதிய ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வருகிறவன். சிட்டு போனதிலிருந்து அவளிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கடைசிக் குழியைத் தோண்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதான். அவளுக்கு அவன் அருகில் போகத் தோன்றவில்லை. குழிக்கு ஒன்றாகச் செடியை வைத்து மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனாள்.

நெருங்கி வளரும் சின்ன இலைச் செடி. முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது. இலைகள் அடர அடர அவளுக்கு நெஞ்சில் ஒரு பாரம் குறைந்த மாதிரிதான் இருந்தது. வாரம் ஒருமுறை எட்டி நுனிகளைக் கத்தரிப்பாள். பாதி இந்தப் பக்கம் விழும், பாதி அந்தப் பக்கம் விழும். காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கக்கூட முடிந்தது. யாரையும் பார்க்காமல், யாரும் பாவம் என்று சொல்லாமல், சும்மா உட்கார ஒரு இடம். அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

அப்போதுதான் அந்த ஓட்டை.

ஒன்பதாவது செடிக்கும் பத்தாவது செடிக்கும் நடுவில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இலைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஒரு முகம் அளவுக்கு இடைவெளி. ஒடிக்கவில்லை, பிய்க்கவில்லை. கைகளால் மெதுவாக விலக்கி, விலக்கியபடியே வெகுநேரம் பிடித்திருந்தால் கிளை எப்படி வளையுமோ அப்படி வளைந்திருந்தது. அதற்கு நேராகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் தடவியே சணல் கயிற்றால் கிளைகளை இழுத்துக் கட்டினாள். நாலு நாளில் முடிச்சு அவிழ்ந்திருந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்ந்தது. மூன்றாம் முறை கட்டிக்கொண்டிருக்கும்போது, இலைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், யாரோ மூக்கடைத்துப்போய் வாயால் மூச்சு விடுவது கேட்டது.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"போ அந்தப் பக்கம்! எத்தனை தடவை மூடுறது? எனக்கு உன்னைப் பார்க்க வேண்டாம். உன் வீட்டுக்குப் போ!"

மூச்சு நின்றது. பாதங்கள் ஓடவில்லை; ஒவ்வொரு அடியாகப் பின்னால் போயின. நாலு வயதுப் பிள்ளையை இப்படி விரட்டிவிட்டோமே என்று அன்று இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முடிச்சு அவிழவில்லை.

வேறு சத்தங்கள் வந்தன. வேலியின் அடியில், தரையோடு தரையாக, மண்ணைப் பிராண்டுகிற சத்தம். தட்டுகிற சத்தம். நடுநடுவே இருமல், நெஞ்சுக்குள்ளிருந்து வரும் வறட்டு இருமல். கடையில் அந்த இருமலைக் கேட்டால் சீட்டைப் பார்க்காமலே என்ன மருந்து என்று சொல்லிவிடுவாள். பிறகு ஒரு மாலை காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது, ஈர மண் வாசனையை ஒதுக்கிக்கொண்டு ஆரஞ்சு சிரப்பின் வாசனை வந்தது.

அவள் கையில் இருந்த குழாய் தரையில் விழுந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. பின்வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். பல் கிடுகிடுவென்று நடுங்குவதுகூடக் கேட்கிறது. யாராவது தூக்கிக்கொண்டு போகக் கூடாதா? போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். தெருவைச் சுற்றிப் போய், கேட்டைத் தட்டி, சிரப்பை நம்பாதீர்கள் என்று ஒரு வார்த்தை. கேட்டைத் திறந்தால் அந்தப் பிள்ளை அம்மாவின் இடுப்பில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும். அவளால் முடியாது. நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று உள்ளே வந்துவிட்டாள்.

அடுத்த நாளும் வாசனை வந்தது. நாளைக்கு என்றாள். அதற்கடுத்த நாளும்.

நாலாம் நாள் மாலை டேப் மாமா வந்தார். வருஷாந்திர அளவெடுப்பாம். வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ரெண்டு இஞ்ச் ஜாஸ்தி இருக்கும்மா. என் இஷ்டம்னா விட்டுடுவேன். நோட்டீஸ் அது இதுன்னு போகாம நீங்களே குறைச்சிடுங்க."

"குறைச்சிடறேன் மாமா." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். இவரை விட்டுச் சொல்லச் சொல்லலாமே. "மாமா, பின்வீட்டுல அந்தப் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன். நாலு நாளா இருமுது. நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"எந்தப் பாப்பாம்மா?"

"அதான், அவங்க பொண்ணு."

"அந்த வீடு காலியாகி எட்டு மாசம் ஆகுதேம்மா. நான் லெட்டர் போடச் சொன்ன கையோட, நீங்க போடுறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்." அவர் குரலை இறக்கினார். "உங்களுக்காகத்தான் போனாங்க. எங்க பொண்ணைப் பார்க்கப் பார்க்க சிட்டு அம்மாவுக்குத் தாங்காதுன்னு அந்தம்மா எங்கிட்ட அழுதாங்க. அந்தக் கேட்டுச் சாவி இப்பவும் எங்கிட்டதான் இருக்கு. அங்க யாரும் இல்லம்மா."

அவர் போனதை அவள் பார்க்கவில்லை. முன்கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இலைகள் பச்சையிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. வேலி முழுக்க ஒரு இலைகூட அசையவில்லை. அடியில், ஒன்பதாவது செடிக்கு நேரே, பிராண்டுகிற சத்தம்.

எட்டு மாதம். முகம் அளவுக்கு ஒரு ஓட்டை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டாம் என்று அவள் யாரிடம் சொன்னாள்?

கத்தரியை எடுத்தாள். மண்டியிட்டாள். சணலை வெட்டினாள். கிளைகள் விலகவில்லை, அவள் கட்டிய வாக்கிலேயே இறுகிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டினாள். இலை முகத்தில் அறைந்தது. கை கிழிந்தது. வெட்டினாள்.

கம்பிவலை தெரிந்தது. அதற்குப் பின்னால் வெறும் தளம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. அங்கே இன்னொரு வேலி இருந்தது.

மூன்றடி உயரம். அதே சின்ன இலை. கம்பிவலையை ஒட்டி வரிசையாக நட்டிருந்தது. அவள் வாராவாரம் கத்தரித்து அந்தப் பக்கம் விழவிட்ட நுனிகள். சிலது நட்டுப் பலநாள் ஆகித் தழைத்திருந்தன, சிலது இன்று நட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் மண் அழுத்தப்பட்டு, அழுத்திய உள்ளங்கை பதிந்திருந்தது. சின்ன உள்ளங்கை. அவள் அவிழ்ந்து போனதாக நினைத்த சணல் துண்டுகளால் கிளைகள் கட்டப்பட்டிருந்தன. கட்டத் தெரியாத கை கட்டியது.

"சிட்டு."

பிராண்டுவது நின்றது.

"சிட்டு, அம்மாடி. அம்மா இங்கதான் இருக்கேன். தெரியாம சொல்லிட்டேன். இங்க பாரு. என்னைப் பாரும்மா."

இலைகளுக்குப் பின்னால் வாயால் விடும் மூச்சு. ஆரஞ்சு வாசனை. பிறகு குரல். தொண்டை கட்டிய, ஒன்பது மாதமாக அவள் கனவில்கூடக் கேட்காத குரல்.

"நான் பாக்கலம்மா. நீ அழாத. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. மூடிடறேன்."

"வேண்டாம்! மூடாத!"

கம்பிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. இலைக்குள் துழாவினாள். விரல்களில் ஒரு கை பட்டது. மண் அப்பிய, நாலு வயதுக் கை. தொட்டதும் சுட்டது. அன்று காலையில் தோளைச் சுட்ட அதே சூடு. ஒன்பது மாதமாகியும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை.

அந்தக் கை அவள் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரித்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பிறகு இரண்டு சின்னக் கைகள் கிளைகளைப் பிடித்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, நடுக்கத்தோடு முடிச்சுப் போடத் தொடங்கின.