குழாயடியில் நின்ற குடங்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் ராதாமணி குழாயடிக்குப் போனபோது, அவளுக்கு முன்னால் ஒரு குடம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

கோவில்பட்டிக்குள் இது ஒரு விஷயமே இல்லை. அங்கே தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. குடம் முதலில் போய் வரிசையில் நிற்கும், ஆள் அப்புறம் ஆடி அசைந்து வரும். ஆள் இல்லையே என்று அடுத்தவள் குடத்தைத் தள்ளி வைத்தால் அன்றைக்குத் தெரு ரெண்டுபட்டுப் போகும். ஆனால் இது ஊருக்கு வெளியே, கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற புது நகர். மண் வெடித்ததில் சுவரெல்லாம் விரிசல் விட்டு, கட்டிய வீடுகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. குடியிருந்தது அவள் ஒருத்திதான். புருஷன் இசக்கிதுரை மஸ்கட்டில் இருந்தான்.

நியாயமாக அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பைத்தியக்காரிக்குச் சந்தோஷம் வந்தது. யாரோ குடிவந்துவிட்டார்கள்! மாதக்கணக்கில் டிவியோடும் பல்லியோடும் பேசிப் பேசி அவளுக்குத் தன் குரலே சலித்துப் போயிருந்தது. மோட்டார் அறையில் டைமர் ‘டக்’ என்றது. போர் மோட்டார் உறும, குழாய் இருமிக்கொண்டே தண்ணீரைக் கொட்டியது. குடத்துக்குச் சொந்தக்காரியைக் காணோம். வரிசை என்றால் வரிசைதானே என்று, அந்த ஈயம் போன பித்தளைக் குடத்தை முதலில் நிரப்பி ஓரமாக வைத்தாள். அப்புறம்தான் தன்னுடையதை வைத்தாள். விடிந்து பார்த்தபோது பித்தளைக் குடம் அங்கே இல்லை.

திங்கட்கிழமை நாலு குடங்கள் நின்றன. பித்தளைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர், வாய் உடைந்த ஒரு மண்குடம், வெயிலில் வெளுத்த ஒரு பிளாஸ்டிக். எல்லாவற்றையும் பிடித்து வைத்தாள். அவள் முறை வருவதற்குள் டைமர் மோட்டாரை நிறுத்திவிட்டது.

மோட்டார் அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. டைமரில் கிழமையைத் தேடி அமுக்க வேண்டும், ஓடும் நேரம் வைக்க வேண்டும், நிற்கும் நேரம் வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் மாடக்கண்ணு சொல்லிக் கொடுத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் வைத்திருந்தது. அவள் செவ்வாயைச் சேர்த்தாள். அப்புறம் புதன். குடங்கள் கூடக் கூட கிழமைகளும் கூடின.

“யாருட்டி வந்திருக்கா?” என்று போனில் கேட்டான் இசக்கிதுரை.

“இன்னும் ஆளப் பாக்கலங்க. குடந்தான் வருது.”

“ஆளப் பாக்காமலா இவ்வளவு சந்தோசப்படுத?”

“நீங்க அங்கன இருக்கீய. இங்கன எனக்கு யாரு இருக்கா?” தனிமை அவளை அவ்வளவு தூரம் அரித்து வைத்திருந்தது.

தண்ணீர் கலங்கி வர ஆரம்பித்ததும் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டாள். அவர் டைமரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏம்மா, ஏழு கிழமையும் ஓடுதே. யாருக்கு?”

“குடிவந்திருக்காவள்ளா அண்ணாச்சி, அவியளுக்குத்தான்.”

அவர் டைமர் மூடியைச் சாத்தினார். “எல்லாத் தெருவும் சுத்திட்டுத்தாம்மா வாரேன். ஒரு பூட்டுலயும் கை படல. தூசி அப்படியே கெடக்கு. இப்பிடி ஓட்டுனா போர் வத்திரும்.”

அவர் வண்டி போன பிறகு, காற்று நின்று, பருத்திப் பஞ்சுகூட அசையாத அந்தப் பகலில், அவள் குழாயடியைப் புதிதாகப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். எத்தனை குடம் தண்ணீர் பிடித்து வைத்தாள்! தரையில் ஈரமே இல்லை, வெடிப்புகளிலிருந்து சூளைக்குள் முகம் வைத்த மாதிரி அனல்தான் வந்தது. காலடித் தடம் இருந்தது. எல்லாம் அவளுடைய காலடிதான்.

மோட்டார் அறைக்கு ஓடினாள். ஒவ்வொரு கிழமையாக அழித்தாள். ஞாயிறு வரைக்கும் அழித்துவிட்டு வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள்.

பொழுது சாய்ந்தது. வழக்கமான நேரம் வந்தது. மோட்டார் ஓடவில்லை.

வெளியே ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். மண்ணில் உலோகம் இழுபடும் சத்தம். நின்றது. மறுபடியும். கொஞ்சம் கிட்டத்தில்.

ஜன்னல் வழியே பார்த்தாள். குழாயடியிலிருந்து அவள் வாசல்வரை குடங்கள். ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் இடுப்பு வளைந்த ஒரு நீள நிழல் தரையில் கிடந்தது. நிழலுக்கு ஆள் இல்லை.

‘கர்ர்ர்.’

இப்போது வீட்டுக்குள்.

திரும்பினாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அவள் காலடியில் பித்தளைக் குடம். அதன் பின்னால் எவர்சில்வர்.

கத்த வாயைத் திறந்தாள். எச்சில் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. நெற்றி வியர்வை உப்பாக உதிர்ந்தது.

குடத்துக்குள் சொட்டுச் சத்தம். பிறகு விடாமல் ஒழுகும் சத்தம்.

கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து தோல் வெடித்துக்கொண்டே வந்தது. கோடைக் கரிசல் மாதிரி. ரத்தம் இல்லை.

பித்தளைக் குடம் நிரம்பியது. தானாக ஓரமாய் ஒதுங்கியது.

எவர்சில்வர் குடம் முன்னால் நகர்ந்து வந்தது.