கல்யாணத்து வெள்ளை

இட்லித் தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டு ஷாரோன் திரும்பினாள். அடுப்படி வாசலில் மாமியார் செங்கம்மாள் நின்றிருந்தாள். அவள் பார்வை மருமகளின் முகத்தில் இல்லை. புடவையில் இருந்தது.

"இன்னாடி இது...?"

வெள்ளைப் புடவை. ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை. செய்யூர்ப் பக்கத்துச் சர்ச்சில் ஷாரோன் மணப்பெண்ணாக நடந்து வந்தபோது கட்டியிருந்தது. அன்றைக்கே செங்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. தாலி கட்டி முடிந்து, கூறைப்புடவை மாற்றிய பிறகுதான் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட இந்தக் கோலத்துல?"

"மாபலிபுரத்துக்குத்தான் அத்தே. எப்பவும் போல உக்கார..."

"என் புள்ள உசுரோட கீறான்டி! எவனோ துப்பாக்கி வெச்சிக்கினு புடிச்சி வெச்சிகீறான், ஆனா உசுரோட கீறான்! நீ வெள்ளை கட்டிக்கினு ரோட்டுல குந்துனா பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஹேமந்த் பொண்டாட்டி தாலி அறுத்துட்டான்னுதானே நெனப்பான்!"

ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹேமந்த் மின்கம்பி இழுக்கும் வேலைக்காக ஆப்பிரிக்கா போனவன். அந்த நாட்டில் ஓர் ஆயுதக் குழு அவனையும் கூட வேலை செய்தவர்களையும் கடத்திக்கொண்டு போய்விட்டது. சிறையில் இருக்கும் தங்கள் தலைவர்களை அரசு விடுதலை செய்தால் இவர்களை விடுவோம் என்றது. பேச்சுவார்த்தை இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது. மறந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஷாரோன் வெளியே வந்து உட்கார ஆரம்பித்தாள். முதலில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில். அப்போதெல்லாம் செங்கம்மாளும் மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். பிறகு சிறுசேரியில் ஷாரோனோடு வேலை செய்யும் மீரா ஒரு யோசனை சொன்னாள். மாமல்லபுரத்தில் உட்கார்ந்தால் வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுப்பார்கள், அது எங்கெங்கோ போகும் என்று.

நேற்று மாலைதான் ஜெபசிங்கிடமிருந்து போன் வந்தது. ஹேமந்தோடு பிடிபட்டவர்களில், உடம்பு முடியாமல் போனதால் அந்தக் குழு விட்டுவிட்ட ஒரே ஆள் அவர்.

"தங்கச்சி... அவன் கண்ணாடிய ஒடச்சிட்டானுங்கம்மா. துப்பாக்கிக் கட்டையால மொகத்துலயே வுட்டானுங்க. ஒரு காவக்காரன் அப்பப்போ போனைத் தூக்கிக் காட்டுவான், உனுக்காக உங்க ஊருல குந்தினு கீறாங்க பாருன்னு. இவனுக்கு மொகமே தெரில. யாரையோ காட்டி ஏமாத்துறானுங்கன்றான். நம்மள எல்லாரும் மறந்துட்டாங்கன்னு செவுத்தப் பாத்துப் படுத்துகினே கீறான். சோறு துன்றதில்ல..." ஜெபசிங் அழுதுவிட்டார். "அம்மாவுக்கு மட்டும் சொல்லிடாத. அடி வாங்குனது தெரிஞ்சா தாங்காதுன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

போனை வைத்தபின் வெகுநேரம் ஷாரோன் ஜன்னலோரம் நின்றாள். கல்யாணத்தன்று, பளபளப்பு விழுகிறது என்று போட்டோக்காரர் ஹேமந்தின் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். பிறகு அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "சர்ச்சுல ஒரு மூஞ்சி தெரில எனக்கு. எல்லாம் கலங்கலா கீது. நடுவுல வெள்ளையா ஒண்ணு மட்டும் மெதந்து வருது... சரி, இதான் நம்மாளுன்னு நின்னுகினேன்!"

"வாயத் தெறயேன்டி!" செங்கம்மாள் கத்தினாள். "ஏன் இதத்தான் கட்டணும்?"

"கட்டணும் அத்தே... கேக்காதீங்க."

"அப்ப இந்த வாசப்படிய இதோட தாண்டுனா திரும்பி வராத!"

ஷாரோன் ஒரு கணம் நின்றாள். பிறகு தாண்டினாள்.

அன்றிலிருந்து மாமல்லபுரத்தில் மீராவின் வீட்டில் படுக்கை. காலையில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியோரம். 'என் கணவர் உயிரோடு இருக்கிறார், பேசுங்கள், மீட்டுத் தாருங்கள்' என்ற பேனருக்குக் கீழே அவள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள். கடல்காற்றில் முந்தானை எழும்பி எழும்பி அடங்கியது. வெயிலில் எதிரே போகிறவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் தெரிந்தார்கள். அவனுக்கும் உலகம் இப்படித்தான் தெரியுமோ? கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். முகங்கள் கரையும். நிறங்கள் மட்டும் மிச்சமிருக்கும். அதில் ஒரு சந்தோஷம். உடனே ஒரு சந்தேகம்... இந்தப் படம் அங்கே போய்ச் சேராவிட்டால்? சேர்ந்தும் அவன் திரும்பிப் பார்க்காவிட்டால்?

ஹேமந்தின் அண்ணன் துரை ஒருநாள் பைக்கில் வந்து நின்றான்.

"ஒரே பேஜாரா கீதும்மா! பக்கத்து வூட்டுக்காரன் கேக்கறான், காரியம் எப்பன்னு! வெட்டிப் போட்டுடலாம் போல கீது எனக்கு. அம்மா படுத்த படுக்கை. இன்னா புடிவாதம் உனக்கு? வேற கலரே இல்லியா ஊருல?"

"மாமா, அத்தைக்கு மாத்திரை குடுத்தீங்களா?"

"பேச்ச மாத்தாத! அவன் வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

சொல்லிவிடலாமா? ஒரு வார்த்தை போதும், வீடு திறந்துவிடும். ஆனால் செங்கம்மாளின் கண்ணுக்குள் அந்தத் துப்பாக்கிக் கட்டை ஒவ்வொரு நாளும் இறங்கும். ஷாரோன் கடலைப் பார்த்தாள்.

"அவரு வரட்டும் மாமா. வந்து கேக்கட்டும்."

துரை காறித் துப்பிவிட்டுப் போனான்.

சில வாரம் கழித்து, மீரா மணலில் தடுக்கித் தடுக்கி ஓடிவந்தாள். "ஷாரோன்! வீடியோ வந்திருக்கு... அவங்களே விட்டிருக்காங்க!"

மண் சுவர். தாடியோடு ஹேமந்த். ஒரு காகிதத்தை மூக்கில் ஒட்டவைத்துக்கொண்டு அந்தக் குழுவின் கோரிக்கையை இங்கிலீஷில் படித்தான். படித்து முடித்ததும் தலையைத் தூக்கினான். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சற்றுத் தள்ளிப் பார்த்தான். அவசரமாகத் தமிழில் பேசினான்.

"ஷாரோன்... வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது. நீதான். சர்ச்சுல பாத்தாப்புலயே கீற... அம்மா எங்க? உன் பக்கத்துல யாருமே தெரில. அம்மா கீதா... இல்லியா? இல்லன்னா சொல்லி..."

அதோடு முடிந்துவிட்டது.

ஷாரோன் அழுதாளா சிரித்தாளா, அவளுக்கே தெரியவில்லை. திடீரென்று நிமிர்ந்தாள். "வீட்டுக்கு அனுப்பிடாத மீரா!"

"வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேனே... உங்க மாமா பாத்துட்டார்."

அன்று ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. விடிந்ததும் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து பனியில் வெள்ளையாக ஏதோ வந்துகொண்டிருந்தது. முகம் இல்லை, கால் இல்லை. வெறும் வெள்ளை. கனவோ என்று நினைத்தாள். கிட்டே வந்ததும்தான் முகம் தெரிந்தது.

செங்கம்மாள்! வெள்ளையில்! புருஷன் செத்தபோதுகூட வெள்ளை கட்ட மாட்டேன் என்று ஊரோடு சண்டை போட்டவள்!

"அத்தே...! அவருக்கு... ஐயோ, இன்னா சேதி வந்துது?"

"ஒண்ணும் வரல, சும்மா கத்தாத." செங்கம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பச்சைப் புடவைக்கு மேலே ஒரு வேட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். "அவன் கல்யாண வேட்டி இது. பொட்டிலேர்ந்து எடுத்தாந்தேன்." அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கண்ணாடி எங்கடி?"

ஷாரோன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காயிதத்த மூக்குல வெச்சிக்கினு படிக்கிறானே... மூணாங்கிளாஸ்லேர்ந்து அவன் மூஞ்சில கெடக்கற கண்ணாடி. பெத்தவளுக்குத் தெரியாதா? அடிச்சானுங்களா?"

ஷாரோன் ஆம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"ஜெபசிங் அண்ணன் சொன்னாரு, சோறு துன்னாம படுத்தே கெடக்கறாராம். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்க புள்ள சத்தியம் வாங்கிட்டாராம் அத்தே. அதான்..."

"அதுக்காவ நான் வஞ்சதெல்லாம் வாங்கிக் கட்டிக்கினியாடி? வாசப்படிய தாண்டாதன்னேனே... என் நாக்கு அழுவ! எனக்கு வலிக்கும்னு ரெண்டு பேருமா சேந்து என்னைய பொத்திப் பொத்தி வெச்சீங்க... நான் உன்ன தெருவுல வுட்டேனே, பாவி!"

செங்கம்மாள் மருமகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். வேட்டியும் புடவையும் காற்றில் ஒன்றாகச் சுருண்டன. மடியில் முடிந்து வைத்திருந்த மல்லிச்சரத்தை எடுத்து ஷாரோனின் தலையில் வைத்தாள்.

"வெள்ளை கட்டுனா பூ வெக்கக் கூடாதுன்னு எவனாச்சும் சொல்லட்டும், பாத்துக்கறேன்."

மீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோடு அருகில் வந்தாள்.

"கிட்ட வராதம்மா!" செங்கம்மாள் கையை வீசினாள். "தள்ளிப் போ. இன்னும் தள்ளி... மூஞ்சி தெரியாட்டி போவுது. ரெண்டு வெள்ளை தெரியணும் அவனுக்கு. பக்கத்துப் பக்கத்துல."

மீரா பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஈரமணல் வரை போய் நின்று கையைத் தூக்கினாள்.

செங்கம்மாள் வேட்டியை இழுத்து நன்றாக விரித்துக்கொண்டாள். மருமகளின் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள். கடல் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி, தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"டேய் ஹேமந்து! நான் இங்கதான்டா கீறேன்... எழுந்து சோறு துன்னுடா!"