பாலத்து அரக்கியின் மூன்று கேள்விகள்

"உங்க எடை எவ்வளவு?"

முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் ஒரு பெண் கேட்கிற முதல் கேள்வியா இது? ஆனால் அவள் அதைத்தான் கேட்டாள். அதுவும் முறைத்துக்கொண்டே...

அவள் லிஃப்ட் பரிசோதகர். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அறுநூறு கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் போதுமா? இருபத்தைந்து கிலோ இரும்புக் கட்டிகள் இருபத்திரண்டை உள்ளே அடுக்கி, தானும் ஏறி நின்று, சரியாக அறுநூறு ஆக்கியிருந்தாள். (கணக்குப் போட்டு அவள் எடையைக் கண்டுபிடிக்க வேண்டாம். கோபித்துக்கொள்வாள்.) அடுத்து இன்னொரு கட்டியை வைத்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். அதற்குக் குனிந்த நேரத்தில்தான் மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் நெஞ்சோடு ஒரு காகிதக் கட்டை அணைத்தபடி ஓடி வந்து உள்ளே பாய்ந்தான். கதவு மூடியது. மணி அடிக்கவில்லை. லிஃப்ட் முக்கி முனகி மேலே போய், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் 'என்னால் ஆகாது' என்று நின்றுவிட்டது.

"எ... எழுபத்தி ரெண்டு," என்றான் அவன்.

"எங்க போறீங்க?"

"அஞ்சாவது மாடிக்கு."

"ஏன் ஓடி வந்தீங்க? வெளியே 'பரிசோதனை நடக்கிறது'ன்னு இவ்வளவு பெருசா போர்டு மாட்டியிருக்கேனே... கண்ணு தெரியலையா?"

"நிஜமாவே தெரியலைங்க," என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினான். மழை பட்டு அது பனி படிந்தாற்போல மங்கியிருந்தது. கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... இமைகளில் இன்னும் இரண்டு மூன்று மழைத்துளிகள். அவள் சட்டென்று இரும்புக் கட்டிகளைப் பார்த்தாள். எண்ண வேண்டியதே இல்லை, இருந்தாலும் எண்ணினாள்.

மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் லிஃப்டை இறக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும் என்று அவசரத் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

அவன் ஓர் இரும்புக் கட்டியின்மேல் உட்கார்ந்தான். "பகல்ல நான் பஸ் ரூட் படம் வரையிற ஆளுங்க. ராத்திரியில இல்லாத ஊருக்குப் படம் வரைவேன்," என்றான்.

"இல்லாத ஊருக்கா?"

"கதையாட்டம்னு ஒண்ணு... நாலு பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல, மத்தவங்க வீரனா, மந்திரவாதியா மாறி பகடை உருட்டி ஆடுவாங்க. அந்தக் கதை நடக்கிறதுக்கு ஒரு நாடு வேணும் இல்லையா? அந்த நாட்டோட ஆறு, காடு, ஊரு, அங்க இருக்கிற பூதம், எல்லாத்தையும் விவரமா எழுதி ஒரு புத்தகம் போடுவாங்க. நான் எழுதியிருக்கேன். 'ஏழு ஆறுகளின் நாடு'. ஆறு வருஷ உழைப்பு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் ஐந்தாவது மாடியில் இருக்கிற பதிப்பகத்துக்கு, வருகிற புத்தகங்களை எல்லாம் ஆடிப் பார்த்துக் குறை நிறை எழுதித் தருகிற மதிப்பீட்டாளர் அவளேதான்! எழுதியவர் பெயர் அவளுக்குத் தெரியக் கூடாது, அவள் பெயர் எழுதியவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அதுதான் பதிப்பகத்தின் விதி. 'ஏழு ஆறுகளின் நாடு' போன வாரம்தான் அவள் கையிலிருந்து திரும்பிப் போனது... நாற்பத்தொரு குறைகளோடு.

"நாப்பத்தியொரு குறைங்க!" அவன் குரல் கம்மியது. "திருத்த பதினஞ்சு நாள் கெடு கேட்கத்தான் மேல போறேன். குறை எழுதின ஆள் நிச்சயமா பல்லுவலிக்காரக் கிழவனாத்தான் இருக்கணும். 'ஊரில் ஏழு விடுதி இருக்கிறது, ஒரு கிணறு இல்லை. குதிரைகள் எதைக் குடிக்கும்?' இது ஒரு கேள்வியா? அப்புறம், 'பூதம் பதினைந்து அடி, குகை வாசல் மூன்று அடி. பூதம் உள்ளே போனது எப்படி?' எப்படிப் போச்சுன்னா... சின்ன வயசுலேயே போயிருக்கும்! அங்கேயே வளர்ந்திருக்கும்!"

அவள் சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்குமா?

"அப்போ சாப்பாட்டுக்கு வெளியே வர்றது எப்படி?"

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். "நீங்களும் அந்தக் கிழவன் மாதிரியே கேட்கறீங்களே..."

'நான்தாங்க அந்தக் கிழவன்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், இந்தப் பேச்சு போய்விடும், திருத்தி எழுதிக்கொண்டு வர அவன் கேட்கப்போகிற பதினைந்து நாள் கெடுவும் வீணாகிவிடும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். லிஃப்ட் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இவ்வளவு சீக்கிரமா நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்று அவளுக்கு மெக்கானிக்மேல் கோபம் கோபமாக வந்தது. மணி அடிக்காத லிஃப்டை ஓட விடுவாளா? பழுதுபார்க்கும் வரை உபயோகிக்கக் கூடாது என்று ஒரு சிவப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கதவில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

பதினைந்து நாள் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஆட்டம் தொடங்கியது. அவள் மதிப்பிடுகிற முறையே அதுதான். அம்மா கோடரி வீரன், அண்ணன் மந்திரவாதி, கதை நடத்துவது அவள். வீட்டில் அவளுக்கு 'நொட்டை' என்று பெயர். எதிலும் நொட்டை சொல்லுவாளாம்.

ஏழு விடுதிக்கும் கிணறு வந்திருந்தது. குகைக்குப் பின்பக்கம் பெரிய வாசல் வந்திருந்தது. அவள் திருப்தியோடு பக்கத்தைப் புரட்டினாள். ஐந்தாவது ஆறு... ஒரு பாலம்... இது முதல் பிரதியில் இல்லையே! வாய்விட்டுப் படித்தாள்.

"'பாலத்தில் ஓர் அரக்கி நிற்பாள். சாம்பல் நிற அங்கி. கொண்டையில் பென்சில். கடக்க வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பாள். உன் எடை என்ன? எங்கே போகிறாய்? ஏன் ஓடி வந்தாய்?...'"

அவள் கை தன்னையறியாமல் தன் கொண்டைக்குப் போனது. பென்சில் இருந்தது.

"மேல படி நொட்டை," என்றான் அண்ணன்.

"'வலிமை இருபது. பொறுமை மூன்று. கண்கள்... அளக்க முடியவில்லை. அவள் சிரித்தால் மழை ஒரு நொடி நின்றுவிடும். இதுவரை ஒரே ஒரு முறைதான் சிரித்திருக்கிறாள்.'"

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. திருட்டுப் படவா... அரக்கியாமே அரக்கி! திட்டத்தான் நினைத்தாள். உதடு மட்டும் சொன்னபடி கேட்காமல் சிரித்துத் தொலைத்தது.

அம்மா சும்மா இருப்பாளா? கோடரியோடு பாலத்தில் ஏறினாள். பன்னிரண்டு தடவை பகடை உருட்டினாள், பன்னிரண்டு தடவையும் தோற்றாள். எடையைச் சொன்னாலும் விடவில்லை, பொய் சொன்னாலும் விடவில்லை. காபி ஆறிப்போனது. கோடரி ஆற்றோடு போனது.

"யாருடி இவ?" என்றாள் அம்மா எரிச்சலோடு. "கேட்கிற கேள்வி, நிக்கிற தோரணை, எல்லாம் அப்படியே நம்ம வீட்டுல இருக்கிறது மாதிரி இருக்கே! இவளை எவனாவது கட்டிக்கிட்டுப் போனாத்தான் இந்தப் பாலம் திறக்கும் போல."

"அம்மா!"

"நான் அரக்கியைச் சொன்னேன்டி. நீ ஏன் சிவக்கிற?"

அன்றைக்கு ஆட்டம் பாலத்தோடு நின்றுவிட்டது. அவள் அறைக்குப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தாள். 'குறை நாற்பத்திரண்டு: பாலத்தைக் கடக்க வழியே இல்லை. எல்லோரும் அரக்கிக்குப் பதில் சொல்கிறார்கள். யாருமே அவளிடம் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் ஒருவேளை வழிவிடுவாள்.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இவளா நடுநிலையோடு மதிப்பிடப் போகிறாள்? அரக்கி வருகிற பக்கத்தை மட்டும் ஒன்பது முறை படித்திருக்கிறாளே!

மறுநாள் பதிப்பாளருக்குப் போன் செய்து, லிஃப்டில் நடந்தது முழுவதையும் ஒப்புக்கொண்டாள்.

"ஏம்மா, இத்தனை நாள் கழிச்சா சொல்றது?" என்றார் பதிப்பாளர். "சரி, அவர்கிட்டயும் சொல்லித்தானே ஆகணும்."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, வேறொரு கட்டடத்தில் அவள் லிஃப்டுக் குழிக்குள் நின்றபோது பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது.

"அவர் புத்தகமே வேண்டாம்னு திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்காரும்மா. 'நாப்பது நிமிஷம் என்னைப் புலம்ப விட்டு வேடிக்கை பார்த்திருக்காங்களே'ன்னு ஒரே ரோஷம். அதைவிட, 'ஐயையோ, அந்த அரக்கியை அவங்களே படிச்சிட்டாங்களா'ன்னு கேட்டுட்டுத் தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்... கட்டைக் கட்டிக்கிட்டிருக்கார்."

ஆறு வருஷ உழைப்பு! தன் ஒரு மௌனத்தால் அது பெட்டிக்குள் போய் முடங்கப் போகிறதா? அவனும் போய்விடுவானா? அவள் குழியிலிருந்து ஏறினாள், ஓடினாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. நாலு தெரு தாண்டி அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்து லிஃப்டின் பொத்தானை அழுத்தக் கை நீட்டினால்... கதவில் சிவப்பு அட்டை. கீழே அவளுடைய கையெழுத்து, கொட்டை எழுத்தில். தன்னைத் தானே திட்டிக்கொண்டு படியேறினாள்.

ஐந்தாவது மாடியில் கடைசிப் படியில் கால் வைக்கும்போது, காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவன் இறங்க வந்தான். நேருக்கு நேர். அவள் குறுக்கே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பென்சில் கோணலாகத் தொங்கியது.

"வழி விடுங்க," என்றான் அவன். கண்ணைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்... நான் அரக்கி."

அவன் காது சிவந்தது. "அதை நீங்க படிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது..."

"நானும் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான்." என்றாள் அவள். "சொன்னா நீங்க பேசறதை நிறுத்திடுவீங்களோன்னு... அதனாலதான் சொல்லலை. புத்தகத்தை எடுத்துட்டுப் போகாதீங்க. அதுல ஒரே ஒரு குறைதான் பாக்கி. அரக்கிகிட்ட யாரும் திருப்பிக் கேள்வி கேட்கிறதே இல்லை."

அவன் நின்றான். மங்கிப்போன கண்ணாடியைக் கழற்றினான். மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க எடை எவ்வளவுன்னு கேட்க மாட்டேன்," என்றான். "அம்பது கிலோ. இருபத்திரண்டு கட்டி இருந்துச்சு, அன்னைக்கே கணக்குப் போட்டுட்டேன்."

"அடப்பாவி!"

"எங்க போறீங்க?"

"இங்கதான்... உங்ககிட்டதான்."

"ஏன் ஓடி வந்தீங்க?"

வாழ்நாள் முழுக்க ஊரையே கேள்வி கேட்டவள், இந்த ஒரு கேள்விக்குத் திணறினாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு. புத்தகமும் பிடிச்சிருக்கு... ஆனா புத்தகத்துக்காக யாரும் அஞ்சு மாடி ஓடி வர மாட்டாங்க."

அவள் கை தானாகவே கைப்பிடியிலிருந்து இறங்கியது. பாலம் திறந்துவிட்டது. ஆனால் அவன் கடந்து போகவில்லை. "எனக்கு அன்னைக்கே பிடிச்சிடுச்சு," என்றான் சின்னக் குரலில். "நேர்ல சொல்ல தைரியம் இல்லாமத்தான் பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினேன்."

"வழி கிடைச்சிடுச்சு இல்ல? அப்போ கட்டை இப்படிக் குடுங்க, வேற ஆளை வெச்சு ஆடிப் பார்க்கறேன்!" என்று கதவிடுக்கிலிருந்து பதிப்பாளரின் குரல் வந்தது. இவ்வளவு நேரம் அங்கேதான் நின்றிருக்கிறார்! அவள் சிரித்தாள்... அன்றைக்குப் போலவே, விழுந்து விழுந்து.

அவன் சன்னலைப் பார்த்தான். வெளியே மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"நிக்கலையே..." என்றான் ஏமாற்றத்தோடு.

"குறை நாப்பத்தி மூணு," என்றாள் அவள், கொண்டையிலிருந்து பென்சிலை உருவியபடி.

"திருத்திடறேன். கொஞ்சம் டைம் வேணும்."

"எவ்வளவு நாள்?"

"நீங்க எப்ப எல்லாம் சிரிக்கறீங்கன்னு கூடவே இருந்து பார்க்கணும்... ஒரு அம்பது, அறுபது வருஷம் ஆகலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் குணத்துக்கு அதிலும் ஏதாவது நொட்டை சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எடுத்துக்கோங்க," என்றாள்.